வெள்ளைக்கரு பூசிய கண்டோன்மென்ட்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் வந்தது. ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி வந்த நோய் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. அதிகம் அடிபட்டவை நெருக்கமான குடியிருப்புகள். பழைய பேட்டையும், இன்று சிவாஜிநகர் என்று வழங்கும் கண்டோன்மென்ட் பகுதியான பிளாக்பள்ளியும் அவற்றில் முக்கியமானவை. எலி வளை பறித்த மண்சுவர், காற்றுப் புகாத பின்கட்டு, சாக்கடையை ஒட்டிய சமையலறை என்று நோய்க்கு அங்கே எல்லா வசதியும் இருந்தது. இதற்கு மாற்றாகத்தான் கண்டோன்மென்டின் புதிய விரிவாக்கங்கள் எழுந்தன. ஃபிரேசர் டவுனுக்கு 1906இல் அடிக்கல் நாட்டி, 1910இல் திறந்துவைத்தார்கள். அதை ஒட்டி, அதே எண்ணத்தில், அகலத் தெருக்களும் ஒரு பூங்காவுமாக உருவானது ரிச்சர்ட்ஸ் டவுன்.

பெங்களூரில் பிளேக் அண்டாத நகரமைப்பு எப்படி என்று பொறியாளர் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் 1914இல் ஒரு நூலே எழுதினார். எலி துளைக்க முடியாத அடித்தளம், வீட்டைச் சுற்றி வெற்றிடம், அறைதோறும் வெளிச்சம், காற்று. சாவுக்கு அஞ்சிய ஒரு தலைமுறை இட்ட திட்டம் அது.

நோய் பரவிய நாட்களில் வீடு வீடாகப் போனது சுண்ணாம்பு வாளி. கிருமிகள் தாங்காத காரம் அதில் உண்டு என்பதால் சுவரெல்லாம் வெள்ளையடிக்கப்பட்டது. புதிய வீடுகளைக் கட்டியதும் அதே சுண்ணாம்பைக் கொண்டுதான். செங்கல்லை இணைத்த சாந்து, சுவரின் மேற்பூச்சு, மாடியில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் எல்லாவற்றிலும் அது இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் மிஞ்சியிருக்கும் பழைய பங்களாக்களைப் பார்க்கப் போகிறவர்கள், முகப்பின் மேல் கூர்ந்து நிற்கும் 'மங்கி டாப்' மரவேலையையும் சிவப்புத் தரையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பூச்சுக்குப் பின்னால் சென்னையிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிவந்த ஒரு தொழிலின் கதை இருக்கிறது. அந்தத் தொழிலின் உச்சப் பொருள், கோழிமுட்டையின் வெள்ளைக்கரு.

1809இல் கண்டோன்மென்ட் தொடங்கிய நாளிலிருந்தே சென்னை ராணுவத்தோடு தமிழர்கள் இங்கே வந்தபடி இருந்தார்கள். சிப்பாய்கள், வணிகர்கள், சமையல்காரர்கள், கூடவே கொத்தனார்களும் ஒப்பந்தக்காரர்களும். கட்டடத் தொழிலில் தமிழர் கை ஓங்கியிருந்ததற்குப் பெரிய சாட்சி, கப்பன் பூங்காவில் சிவப்பாக எழுந்து நிற்கும் அட்டாரா கச்சேரி. 1868இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873இல் அவர் தொடங்கிய கல்விப் பணி ஆர்.பி.ஏ.என்.எம். நிறுவனங்களாக இன்றும் நடக்கிறது. முதலியாரின் பெயர் நின்றது. அவருக்குக் கீழே சாந்து அரைத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆனால் அவர்கள் என்ன அரைத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அது கண்டோன்மென்டைவிட ஏறத்தாழ 80 ஆண்டு மூத்தது.

செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறையை விவரித்து ஒரு குறிப்பு அனுப்பினார். லண்டன் ராயல் சொசைட்டி அதைத் தன் ஆய்விதழில் 1732 வாக்கில் அச்சிட்டது. மணலும் சுண்ணாம்பும் சரிபாதி. குழைக்கும் தண்ணீரில் வெல்லம், கொள்ளு வேகவைத்த நீர், கடுக்காய் ஊறிய நீர். இது செங்கல் கட்ட. சுவருக்கு வழவழப்பான மேற்பூச்சு வேண்டுமென்றால் அரை புஷல் சாந்துக்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு, நான்கு அவுன்ஸ் நெய், ஒரு பைண்ட் மோர். நியூட்டனின் ஆய்வுகள் வெளிவந்த அதே இதழில் நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம் அளவோடு ஏறியிருக்கிறது. எழுதியவர் பெயர் ஆங்கிலேயருடையது. அறிவு சென்னைப் பட்டணத்து உழைப்பாளிகளுடையது.

ஐரோப்பியர் 'மெட்ராஸ் சுனாம்' என்று அழைத்த அந்தப் பூச்சைப் பளிங்கு என்று நினைத்துத் தட்டிப் பார்த்தவர்கள் பலர். வேலை அவ்வளவு மெதுவானது. கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சலித்து, ஊறவைத்து, செக்கில் மாடு கட்டி அரைக்க வேண்டும். முதல் பூச்சு கரடுமுரடு, அடுத்தது மெல்லியது. கடைசிப் பூச்சுக்கு வெண்ணெய்ப் பதத்தில் அரைத்த சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேரும். மஞ்சள்கருவின் கொழுப்பு ஒரு சொட்டுக்கூடக் கலக்காமல் பிரிக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு ஏறும்வரை கை நிற்கக்கூடாது.

இத்தனை பாடும் செலவும் எல்லாச் சுவருக்கும் கட்டுபடியாகாது. தூண், முன்கூடம், வரவேற்பறை என்று விருந்தாளி கண்ணில் படும் இடங்களுக்கே முட்டைப் பூச்சு வாய்த்தது. மற்ற சுவர்களுக்கு வெல்லமும் கடுக்காயும் சேர்ந்த சாந்து போதும். மாடித்தளத்தில் பரப்பிய செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். அந்தத் தளங்களில் பல, நூறு ஆண்டு மழையைத் தாங்கிவிட்டன. பூச்சின் உச்சத்தை இன்று பார்க்க வேண்டுமென்றால் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போக வேண்டும். செட்டிநாட்டு வளவுகளின் சுவர்களில் கை வைத்தால் கோடையிலும் குளிர்ச்சி தெரியும்.

சுண்ணாம்பு இறுகுவதற்கு முட்டை எதற்கு? சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து நீறுகிறது. பூசிய பிறகு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உள்ளிழுத்து மறுபடி கல்லாகிறது. இது நடக்க மாதங்கள் ஆகும். வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர், 10 சதவீதம் புரதம். சுருண்டு கிடக்கும் அந்தப் புரத இழைகள் சுண்ணாம்பின் காரம் பட்டதும் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஈரம் சட்டென்று ஓடிவிடாமல் பிடித்துவைக்கின்றன. நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சிறைப்படுத்துகின்றன. கல்லாக மாறும் துகள்கள் பெரிதாக வளராமல் சிறுசிறு மணிகளாக நெருங்கி அமையச் செய்கின்றன. விரிசல் விடாத, வழுவழுப்பான, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாத மேற்பரப்பு அப்படித்தான் கிடைக்கிறது.

கோழியின் உடலுக்குள்ளும் இதே கூட்டணிதான். மஞ்சள்கரு முட்டைக்குழாயில் இறங்கும்போது சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக்கரு அதைச் சூழ்ந்துகொள்கிறது. அதன் பிறகு சவ்வு. கடைசியில் ஓடு. ஓடு உருவாக மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அந்த ஓடும் கால்சியம் கார்பனேட்தான், முற்றிய சுண்ணாம்புப் பூச்சும் கால்சியம் கார்பனேட்தான். இரண்டிலும் புரதம்தான் கல்லின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகிறது. இரண்டுமே காற்றை விடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. சுண்ணாம்புச் சுவரும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுகிறது. வேதியியல் படிக்காத கொத்தனார், உயிரின் கட்டுமான முறையைக் கைப்பழக்கத்தால் எட்டியிருக்கிறார்.

வெள்ளைக்கருவின் சொந்த வேலை, காவல். கரு உருவாகும் வெண்புள்ளி மஞ்சள்கருவின் மேல் இருக்கிறது. இரு முனையிலும் முறுக்கிய வெள்ளை இழைகள் மஞ்சள்கருவை நடுவில் நிறுத்துகின்றன. ஓட்டின் துளை வழியே நுழையும் கிருமிக்கு வெள்ளைக்கரு ஒரு பாலைவனம். அதிலுள்ள ஒரு புரதம் இரும்புச்சத்தைக் கட்டிப்போடுகிறது. இன்னொன்று பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது கிருமியின் சுவரையே உடைக்கிறது. முட்டை இட்ட சில நாட்களில் கரியமில வாயு வெளியேறுவதால் வெள்ளைக்கருவின் காரமும் 9ஐத் தாண்டுகிறது. பிளேக்குக்கு எதிராக மனிதர் சுவரில் பூசியதும் காரம்தான்.

உலக மொழிகள் இந்தப் பொருளுக்குக் கொடுத்த இடம் கவனிக்கத்தக்கது. லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆல்புமென் வந்தது. அதன் வழியே இரத்தத்திலும் சிறுநீரிலும் சோதிக்கப்படும் ஆல்புமின் வந்தது. சிறுநீரக நோயாளியின் அறிக்கையில் அச்சாகும் அந்தப் பெயர் முட்டையிலிருந்து பிறந்தது. ஆனால் இரத்தத்தின் ஆல்புமினும் முட்டையின் ஓவல்புமினும் வேறு வேறு குடும்பப் புரதங்கள். ஜெர்மன் மொழியில் வெள்ளைக்கருவுக்கும் புரதத்துக்கும் ஒரே சொல். ரஷ்ய மொழியிலும் அப்படியே. 'புரோட்டீன்' என்ற பெயர் 1838இல் அச்சேறும்வரை இவ்வகைப் பொருள்களுக்கெல்லாம் வெள்ளைக்கருவே மாதிரியாக இருந்தது. தாவரவியலாரும் விதைக்குள் முளையைச் சூழ்ந்திருக்கும் உணவை ஆல்புமென் என்றார்கள். தமிழ்ப் பாடநூல் அதைக் கருவூண் என்கிறது. தேங்காயின் பருப்பும் இளநீரும் அதுதான். தமிழ் முட்டையின் இரண்டு பகுதியையும் கரு என்றே சொல்கிறது. உயிர் தொடங்கும் இடத்தையும் அதைக் காக்கும் இடத்தையும் பிரித்துப் பார்க்காத பெயர் அது.

பெங்களூர்க் கண்டோன்மென்ட் வெள்ளைக்கருவைச் சுவரில் மட்டும் கண்டது என்றில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த ராணுவக் குடியிருப்பில் வெள்ளைக்கரு காகிதத்தின் மேலும் ஏறத் தொடங்கிவிட்டது.

லின்னேயஸ் டிரைப் சென்னை ராணுவத்தின் அதிகாரி. இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தபோது புகைப்படக் கலை கற்று, 1854இல் பெங்களூர் திரும்பினார். அந்த டிசம்பரில் மருத்துவர் ஆண்ட்ரூ நீலுடன் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு சென்னைக் கண்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. 1855இல் பர்மா போன தூதுக்குழுவோடு சென்று எடுத்தவற்றில் 120 படங்களைத் தேர்ந்து, 50 தொகுப்புகளாகப் பதித்தது பெங்களூரில்தான். ஆறாயிரம் பிரதிகள். ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, கண்ணால் பார்த்து, கையால் கழுவி எடுத்தாக வேண்டும். அதன் பின் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் டிரைப் தெற்கே கிளம்பினார். அன்றைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று நான்கு மாதங்களுக்கும் மேலாக மாட்டுவண்டிகளில் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். அந்தச் சுருள் 19 அடிக்கும் மேல் நீளம். சோழர் எழுத்தை முழு நீளத்துக்கு அச்சுப்போல் பிடித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. கல்வெட்டாய்வுத் துறை முறையாக அமைவதற்குப் பல ஆண்டு முன்பே செய்யப்பட்ட வேலை. சென்னைக் கலைத் தொழிற்பள்ளியோடு தொடர்புடைய சி. ஐயாசாமி அவருக்கு உதவியாளராக இருந்தார். தமிழகத்தின் தொடக்ககாலப் புகைப்படக்காரர்களில் அவருக்கும் இடம் உண்டு. டிரைப்புக்குக் கிடைத்த புகழில் கால்பங்குகூட அவருக்குச் சேரவில்லை.

அந்தத் தமிழ்நாட்டுப் படங்களில் பல, வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் பதிந்தவை. பிரான்ஸின் பிளாங்கார்–எவ்ரார் 1850இல் அறிவித்த முறை அது. வெள்ளைக்கருவில் உப்புச் சேர்த்து நுரைக்க அடித்து, தெளியவைத்து, வடிகட்டி, அதன் மேல் காகிதத்தை மிதக்கவிட்டு எடுத்துக் காயவைப்பார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்தால் காகிதம் ஒளிக்குக் கூசத் தொடங்கும். எதிர்மறைப் படத்தை மேலே வைத்து வெயிலில் காட்ட, நிழலும் ஒளியும் தானாகத் திரளும். தங்கக் கரைசலில் நிறம் ஏற்றி, நிலைப்படுத்தி, கழுவ வேண்டும். வெறும் உப்புக் காகிதத்தில் படம் இழைகளுக்குள் இறங்கி மங்கும். வெள்ளைக்கருப் படலம் அதை மேற்பரப்பிலேயே தாங்கி நிறுத்தியது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் விரல் நகம்வரை தெரிந்தது அதனால்தான். சுதையும் சுண்ணாம்பு என்பதை நினைத்தால், கோபுரத்து வேலையும் அதன் படமும் உறவுக்காரர்கள்.

இந்த முறைப் படங்களுக்காக அடுத்த நாற்பது ஆண்டுகளில் உலகம் முழுவதும் முட்டை உடைந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இந்தக் காகிதத்துக்குத் தலைநகரானது. அங்கே ஒரு தொழிற்சாலை மட்டும் உச்ச காலத்தில் நாளுக்கு 60,000 முட்டைகளை உடைத்ததாகச் சொல்கிறார்கள். சென்னையில் டிரைப்பின் வேலை அவ்வளவு நாள் ஓடவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், சிப்பாய்க் கலகத்துக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் இது தாங்க முடியாத ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்தினார். ஆடம்பரம் என்று நிறுத்தப்பட்ட அந்தப் படங்கள்தான் 19ஆம் நூற்றாண்டு மதுரையையும் தஞ்சையையும் காட்ட நமக்கிருக்கும் மிக நேர்த்தியான சாட்சி. நிர்வாகத்தின் முடிவு தவறு. அன்றைய வரவு செலவுக் கணக்கு இன்று யாருக்கும் தேவைப்படவில்லை. படங்கள் எல்லோருக்கும் தேவைப்படுகின்றன. வெள்ளைக்கருப் புரதம் காலப்போக்கில் மஞ்சளிப்பதால் அவற்றின் வானம் பழுத்துப்போயிருக்கிறது. இருந்தும் வரிகள் அழியவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு மேற்கே சில கிலோமீட்டரில், 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தில் இந்தக் கதை மீண்டும் தொடர்கிறது. கிருமியின் சுவரை உடைக்கும் அந்த மூன்றாவது புரதத்தின் பெயர் லைசோசைம். பின்னாளில் பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் அறிவித்தது. அது நம் கண்ணீரில் உண்டு. தாராளமாகக் கிடைக்குமிடம் வெள்ளைக்கரு. உப்புச் சேர்த்தால் வெள்ளைக்கருவிலிருந்தே அதைப் படிகமாக்கலாம் என்று 1946இல் காட்டினார்கள். 1965இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸின் குழு எக்ஸ்-கதிரால் அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டது. உலகில் அமைப்பு தெரிந்த முதல் நொதி அதுவே. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் இந்தியரான வி.ஆர். சர்மா.

புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடியலாம், எப்படி மடிய முடியாது என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வரைந்து காட்டியிருந்தார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதை அறியும். ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் வந்து அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். அங்கே எம். விஜயனின் குழு 1980களில் தொடங்கி லைசோசைம் படிகங்களை எடுத்து, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தது. படிகம் தன்னிடமிருந்த நீரில் ஒரு பகுதியை இழந்தது. அமைப்பு சற்றே மாறியது. எந்த நீர் மூலக்கூறு போகும், எது ஒட்டிக்கொண்டு நிற்கும், நீர் குறையும்போது புரதத்தின் எந்தப் பகுதி அசையும் என்பதை அவர்கள் அணு அளவில் படித்தார்கள். புரதம் உயிரோடு இயங்க நீர் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அது நேர்முகச் சான்று. பெங்களூர் உலக அறிவியலுக்குக் கொடுத்தவற்றைப் பட்டியலிடுகிறவர்கள் கணினியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இதையும் சொல்ல வேண்டும்.

சுவருக்குத் திரும்பினால் நிலைமை நல்லதாக இல்லை. சென்னையில் 1904இல் சிப்பி, கிளிஞ்சலை மூலப்பொருளாகக் கொண்டு சிமென்ட் செய்யும் முயற்சி தொடங்கியது. 1914இல் போர்பந்தரில் தொழிற்சாலை நிலைத்தது. மாதக்கணக்கில் இறுகும் சுண்ணாம்பை, மணிக்கணக்கில் இறுகும் சிமென்ட் வெளியே தள்ளியது. செக்கு போனது. காளவாய் போனது. கூழாங்கல் பிடித்த கை அடுத்த தலைமுறைக்கு மாறவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் பங்களா ஒன்று கைமாறினால் அந்த இடத்தில் அடுக்குமாடி வருவது வழக்கமாகிவிட்டது. இடிக்காமல் வைத்திருப்பவர்களும், சுவரில் ஈரம் தெரிந்தால் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அக்கறையில் செய்வதுதான். விளைவு நேர்மாறு. அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்குகிறது. நூறு ஆண்டு நின்ற சுவர் பத்தாண்டில் உதிர்கிறது.

ஆகவே பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிச்சர்ட்ஸ் டவுனோ, குக் டவுனோ, காரைக்குடியோ, சுவரைக் கொத்துவதற்கு முன் அது சுண்ணாம்புதானா என்று பாருங்கள். உதிர்ந்த துண்டில் சில சொட்டு வினிகர் விட்டால் பொங்கும். மணலும் சிறு வெள்ளைக் கட்டிகளும் கலந்த மென்மையான சாந்தாக இருந்தால் சிமென்ட் மூட்டையை வாசலிலேயே நிறுத்துங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டிலும் கோயில் திருப்பணிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழையுங்கள், உரிய கூலி கொடுங்கள், இளையவர் ஒருவரைக் கூட நிறுத்திக் கற்கச் சொல்லுங்கள். எல்லாச் சுவருக்கும் முட்டை வேண்டியதில்லை. நல்ல சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் வெல்லமும் பெரும்பாலான பழுதுக்குப் போதும்.